குருணைக்கு வாங்கின பிள்ளை

அந்த ஜன்னல் ஓரம் வேண்டாம் தம்பி. துண்டு கிடக்கிறது பாருங்கள், ஆள் வருகிறது. நீங்கள் இந்தக் கடைசியில் உட்காருங்கள், நான் நடுவில் இருந்துகொள்கிறேன். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. தவிட்டு மூட்டைக்கும் உமி மூட்டைக்கும் நடுவில் ஆயுசைக் கழித்தவன் நான். இரண்டு பக்கமும் இடித்தால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

ராஜபாளையம் வண்டிதானே இது? கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்புக்கு மாற வேண்டும் நான். நான் என்ன நான், நாங்கள். நானும் என் மகள் செண்பகமும். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக் கண்ணாடி. ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். முன்னால் போய் இடம் போட்டு வையுங்கள், பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். சின்னதிலிருந்தே அவளுக்கு ஜன்னல் ஓரம் வேண்டும். இல்லாவிட்டால் திருமங்கலம் தாண்டுவதற்குள் வாந்தி.

வந்துவிடுவாள். டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் நிற்கிறார்.

என்ன தொழில் என்று கேட்டீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். ரைஸ்மில். வத்திராயிருப்பில் இறங்கி மகாலிங்கம் மில் எங்கே என்று கேட்டால் தெருநாய்கூட முன்னால் நடந்து வழிகாட்டும். இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது, நாய் மட்டும் இருக்கிறது. அந்த மில்லில் ஒரு தடவை நெல்லோடு சேர்ந்து ஒரு நாகப்பாம்பு மேல் தொட்டியில் விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. பெல்ட் ஓடுகிறது. ஒரு பக்கம் உமி, ஒரு பக்கம் தவிடு, ஒரு பக்கம் அரிசி. அரிசியோடு அரிசியாக வந்து விழுகிறது பாம்பு, உயிரோடு! ஆனால் தோல் உரிந்து, பாலீஷ் ஏறி, வெள்ளை வெளேரென்று. தோல் உமிக் குழியில் கிடக்கிறது. விஷம் பூராவும் தவிட்டோடு போய்விட்டது. பாம்பு என்னைப் பார்த்தது, நான் பாம்பைப் பார்த்தேன். கூச்சப்பட்டுக்கொண்டு வயலுக்குள் ஓடிவிட்டது. கோவணம் இல்லாமல் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்திருக்கும் அதற்கு.

சிரிக்கிறீர்கள். அதுதான் வேண்டும். நீங்கள் நன்றாக 'ம்' போடுகிறீர்கள் தம்பி. கதை சொல்வது பெரிய வித்தையே இல்லை, 'ம்' போடுவதுதான் வித்தை. எங்கே இழுக்க வேண்டும், எங்கே சட்டென்று விட வேண்டும், எல்லாம் இருக்கிறது. என் மகள் மாதிரி 'ம்' போட ஒரு பிள்ளை பிறந்ததில்லை. ஆறு வயதில் மடியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணைக் கொட்டாமல் என் வாயையே பார்க்கும். நான் என்ன சொன்னாலும் நம்பும். நம்புகிற பிள்ளை கிடைப்பது குதிரைக்கொம்பு. எத்தனை பிள்ளைகள் நாலு வயதிலேயே "போப்பா, பொய்யி" என்று எழுந்து போய்விடுகின்றன!

இப்போது வீட்டில் 'ம்' போட ஆளில்லை. என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் போன சித்திரையில் போய்விட்டாள். அவளும் ஒன்றும் பெரிதாக 'ம்' போட்டவள் இல்லை. "சும்மா இருங்க, பிள்ளை நம்புது" என்பாள். அதையே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். இருந்தாலும் அந்த அதட்டல் ஒரு சத்தம்தானே. சுவரிடம் சொல்லிப் பார்த்தேன் தம்பி, நிஜமாகத்தான். பல்லிகூடச் சத்தம் கொடுக்கவில்லை. அதனால்தான் மகளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன். வந்த இடத்தில் பாருங்கள், என்னை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாள் என்று.

கவுன்சிலிங்.

ஆஸ்பத்திரி இல்லை. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. மாடியில் ஒரு அறை. ஒரு அம்மா. ரெஜினா மேடம் என்று பெயர். நல்ல பெண்தான், என் மகள் வயசு இருக்கும், குரல்கூட வெல்லப்பாகு மாதிரி. வாரா வாரம் என் மகள் அங்கே போய் அழுதுவிட்டு வருகிறாளாம். அழுவதற்கென்றே மேஜையில் காகிதப் பெட்டி வைத்திருக்கிறார்கள், உருவ உருவ வருகிறது. எங்கள் காலத்தில் அழுதால் முந்தானை, இல்லாவிட்டால் முழங்கை.

மாப்பிள்ளையை விட்டு வந்த சங்கடம்தான், அதற்காகப் போகிறாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை ரவீந்திரன், சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிறான். நல்ல பையன் தம்பி. கை நீட்டியதே இல்லை. வாய் மட்டும் கொஞ்சம். கோபம் வந்தால் அவள் பெட்டியை எடுத்து வாசலில் வைத்து, "வந்த இடத்துக்குப் போ" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவான். இவள் படியில் உட்கார்ந்திருப்பாள், அவனாகத் திறக்கிற வரைக்கும். சண்டை போட மாட்டாள், தட்ட மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களே "உங்க மகளுக்கு எவ்வளவு பொறுமை" என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வளர்ப்பு அப்படி.

ஒரு தடவை படியில் உட்கார்ந்துகொண்டே எனக்குப் போன் போட்டாள். "அப்பா, மறுபடியும் வெளிய விட்டுட்டாரு." அழுகிற குரல். அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைப்பதுதானே அப்பன் வேலை? "அழுவாத தாயி, பேசாம இருளாயி வீட்டுக்குப் போயிரு, எருமை ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றேன். போனை வைத்துவிட்டாள். அப்புறம் எனக்குப் போன் போடுவதையே நிறுத்திவிட்டாள். பாவம், அவன் கதவைத் திறந்திருப்பான்.

இருளாயி யாரென்று சொல்லவில்லையே. அதுதான் வழக்கே.

உங்கள் வீட்டில் சொன்னதில்லையா தம்பி, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று? சொல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? எங்கள் அம்மா சொன்னாள், அவள் அம்மா சொன்னாள். பிள்ளை சிணுங்கும், எல்லாரும் சிரிப்பார்கள், முடிந்தது. ஆனால் மற்றவர்களெல்லாம் வெறும் வாயால் சொன்னார்கள். என்னிடம் தவிடே இருந்தது! மலை மாதிரி குவிந்து கிடக்கும். அது மட்டுமா, செவ்வாய்க்கிழமை தோறும் சந்தைக்கு வருகிறவள் ஒருத்தி, இருளாயி, எருமைக்குத் தவிடு வாங்க மில்லுக்கு வருவாள். கறுப்பாக, உயரமாக, தலையில் ஓலைப்பெட்டியோடு. இத்தனையும் கையில் இருக்கும்போது கதை தானாக ஓடி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டால் நான் என்ன செய்வேன்?

"அதோ வர்றா பாரு, அவதான் உன்னைப் பெத்தவ" என்றேன்.

"எதுக்குப்பா என்னைக் குடுத்தா?"

"எருமை கன்னு போட்டிருந்துச்சு. தவிடு வேணும்ல? உன்னைக் குடுத்துட்டு ஒரு மரக்கா தவிடு அளந்துக்கிட்டுப் போயிட்டா."

"எருமைக்காகவா?"

"நல்ல எருமை" என்றேன்.

ஹஹ். அந்த 'நல்ல எருமை' என்கிற இடத்தில் மில்லே சிரித்தது தம்பி. நெல்லரைக்க வந்தவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். இருளாயிக்கும் சொல்லிக்கொடுத்தேன். "என்ன தாயி, வர்றியா போவோம், எருமை உன்னையத் தேடுது" என்று கையை நீட்ட வேண்டும். நாலைந்து வாரம் செய்தாள். அப்புறம், "வேண்டாம்யா, அந்தப் பிள்ள மூஞ்சி போற போக்குச் சரியில்ல" என்று நழுவிவிட்டாள். அவளுக்கு நடிப்பு வரவில்லை, அதுதான் விஷயம்.

இதனால் எவ்வளவு நன்மை தெரியுமா? சாப்பாட்டில் அடம் கிடையாது. "செவ்வாக்கெழம வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டு சுத்தமாகிவிடும். கழுவவே வேண்டாம். ஒரு அடி அடித்ததில்லை தம்பி நான், வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள், வருவாள் இப்போது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் எல்லாம் "இவ்வளவு அடக்கமான பிள்ளையைப் பார்த்ததில்லை" என்பார்கள். வீட்டில் யாராவது கொஞ்சம் சத்தமாக இருமினால்கூட எழுந்து ஓரமாக நின்றுகொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன், மில் வாசலில் மஞ்சள் பையோடு நிற்கிறது. என்னடி பையில் என்று வாங்கிக் கொட்டினேன். ஒரு பாவாடை, ஒரு சட்டை, பல் போன சீப்பு. அதற்கு அடியில், காகிதத்தில் பொட்டலம் கட்டி, தவிடு! தினமும் பிடி பிடியாக என் மில்லிலேயே திருடிச் சேர்த்திருக்கிறது.

"தவிடு எதுக்குடி?"

"அவ வந்தா இதைக் குடுத்துருவேன். என்னைக் கேக்க மாட்டால்ல."

"சரி. பாவாடை?"

"அப்பவும் கூட்டிட்டுப் போனான்னா?"

எப்படி இருக்கிறது பாருங்கள் அறிவு! தன் விலையைத் தானே சேர்த்து வைத்திருக்கிறது. அதைக் கடைவீதி பூராவும் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், முடிவெட்டுகிற இடத்தில் சொன்னேன், அவளுடைய கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை ரவீந்திரனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ரொம்பப் பிடித்துப்போய்விட்டது அவனுக்கு அந்தக் கதை.

நீங்கள் சிரிக்கவில்லையே? புழுக்கம் அதிகம். இந்த மாட்டுத்தாவணியில் எந்தக் காலத்தில் காற்று வந்திருக்கிறது.

அப்புறம் இருளாயியின் எருமை செத்துப்போய்விட்டது, அவளும் வருவதை நிறுத்திவிட்டாள். ஆனால் இவள் மட்டும் செவ்வாய்க்கிழமை ஆனால் பையோடு நிற்பாள். சும்மா நிற்கிறதே பாவம் என்று நான்தான் சொன்னேன், "நீ போய் வாசல் பெஞ்சில இடம் போட்டு வை தாயி, அவ பையை எடுத்துக்கிட்டு வந்துருவா." ஒரு காலிச் சாக்கை எடுத்து பெஞ்சில் விரித்து, அதற்குப் பக்கத்தில் சம்மணம் கூட்டி உட்கார்ந்துகொண்டது. யாராவது உட்கார வந்தால் "ஆள் வருது" என்று சொல்லும், பெரிய மனுஷி மாதிரி. உள்ளே நின்று பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. பொழுது சாயும்போது பேச்சி வந்து தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு என்னைப் பார்த்தாள் ஒரு பார்வை. சோறு போடும்போது தட்டில் குழம்புக்குப் பதிலாக ஒரு கை தவிட்டை வைத்தாள். அவளுக்கும் நகைச்சுவை உண்டு, வெளியே காட்ட மாட்டாள்.

சரி, அறைக்கு வருகிறேன்.

உள்ளே போனதும் காலியாக ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. உட்காரப் போனேன். "அதுல வேண்டாம்ப்பா" என்றாள் செண்பகம். ஏன் என்றேன். ரெஜினா மேடம்தான் சொன்னது, "அது நீங்கதான் சார்" என்று.

விளங்குகிறதா உங்களுக்கு? எனக்கும் விளங்கவில்லை. இத்தனை மாதமாக அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, அதனிடம் என் மகள் பேசியிருக்கிறாள்! இதுதான் வைத்தியமாம். நான் உயிரோடு, முழுசாக, வத்திராயிருப்பில் இருக்கிறேன், எனக்குப் பதிலாக ஒரு நாற்காலி! அதுவும் மரத்தில்கூட இல்லை. "என்கிட்டயே பேசிருக்கலாமே தாயி" என்றேன். அதற்கு என்ன சொன்னாள் தெரியுமா?

"நாற்காலி நடுவுல பேசாதுப்பா."

நெஞ்சில் குத்தினது மாதிரி இருந்தது தம்பி. கதை சொல்லி வளர்த்த அப்பனை விட நாற்காலி உசத்தியாகப் போய்விட்டது.

டாக்ஸிக் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். மாப்பிள்ளையைத்தான் சொல்கிறார்கள் என்று நானும் தலையாட்டினேன். விஷம் என்று அர்த்தமாம். விஷம் என்றதும் எனக்குப் பாம்பு ஞாபகம் வந்துவிட்டது, அந்தப் பாலீஷ் பாம்பைச் சொன்னேன். விஷம் பூராவும் தவிட்டோடு போய்விட்டது என்று சொல்லும்போது அந்த அம்மா சிரிக்கவில்லை. "அந்தத் தவிடு யாருகிட்ட போச்சு சார்?" என்று கேட்டது. எருமைக்குத்தான் என்றேன். வேறென்ன சொல்ல? கதையில் போய் யாராவது கணக்குக் கேட்பார்களா?

அப்புறம் என்னைத் தோண்ட ஆரம்பித்தது. "உங்க அப்பா எப்படி சார்?" நல்ல கேள்வி. எங்கள் அப்பா பெரிய விளையாட்டுக்காரர். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார், எனக்கு ஏழு வயது. அவ்வளவு கூட்டம். திரும்பி வரும்போது, வேண்டுமென்றே என்னை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பையன் வந்து சேருகிறானா பார்ப்போம் என்று பந்தயம். நான் வந்து சேர்ந்தேன். எப்படி? ஒரு சிறுத்தை. எனக்கு முன்னாலேயே நடந்து, திரும்பித் திரும்பிப் பார்த்து, ஓடையில் கையைப் பிடித்துத் தாண்ட வைத்து, ஊர் எல்லையில் சலாம் போட்டுவிட்டுப் போனது. அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா? வரமாட்டேன்னு நினைச்சேன்" என்று சிரித்தார்.

எங்கே சொன்னாலும் கைதட்டு வாங்குகிற கதை அது. ரெஜினா மேடம் பேனாவை மூடி வைத்தது. பிறகு, "சிறுத்தை இல்லாம சொல்லுங்க சார்" என்றது.

நீங்களே சொல்லுங்கள் தம்பி. சிறுத்தையை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் என்ன மிச்சம் இருக்கிறது? ஒரு பையன் இருக்கிறான், காடு இருக்கிறது, இருட்டு இருக்கிறது. அதை எவன் உட்கார்ந்து கேட்பான்? "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று வேறு கேட்டது. "பசிச்சுச்சு" என்றேன். செண்பகம் அந்தக் காகிதப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். எனக்கு எதற்கு அது? கண்ணில் தூசி. மாடி அறை, பெருக்குவதே இல்லை போல.

டிரைவர் ஏறிவிட்டார். ஏறட்டும், ஏறட்டும். இன்னும் ஹாரன் அடிக்கவில்லையே.

அப்புறம்தான் செண்பகம் வாயைத் திறந்தாள். சத்தமே போடவில்லை. "அப்பா, அம்மா போனதிலிருந்து நீங்க ஒத்தையில இருக்கீங்கன்னு தெரியும். நான் வர்றேன். ஆனா ஒரே ஒரு வார்த்தை நீங்க சொல்லணும். கதையில்லாம. 'செண்பகம், உன்னை யாருகிட்டயும் வாங்கல. நீ நான் பெத்த பிள்ளை. உன்னை எங்கயும் அனுப்ப மாட்டேன்.' அவ்வளவுதான்ப்பா. இதைச் சொன்னீங்கன்னா இன்னைக்கே உங்ககூட பஸ் ஏறுறேன்."

"உனக்குத் தெரியாதா தாயி இது? நீ என்ன பச்சைப் பிள்ளையா?" என்றேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. மில் வாசல்ல பையோட நிக்கிதே, அதுக்குத் தெரியாது. அதுகிட்டச் சொல்லுங்க. உங்க மாப்பிள்ளை கதவைச் சாத்துறப்ப எல்லாம் அதுதான் போய்ப் படியில உக்காந்துக்கிட்டு இருந்துச்சு."

சொல்லத்தான் நினைத்தேன் தம்பி. சத்தியமாக. மூன்று வரி, என்ன கஷ்டம்? மகள் வீட்டுக்கு வருவாள், அடுப்பு எரியும், சாயங்காலம் 'ம்' போட ஆள் இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டேன். ரெஜினா மேடம் மூச்சு விடாமல் பார்க்கிறது. இவள் கண்ணைக் கொட்டாமல் என் வாயையே பார்க்கிறாள், ஆறு வயதில் பார்த்த அதே மாதிரி. "செண்பகம்" என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' தம்பி! எத்தனை வருஷம் கழித்து! அந்த 'ம்'மைக் கேட்டதும் எனக்குள்ளே என்னமோ பெல்ட் மாட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"செண்பகம், உன்னைத் தவிட்டுக்கெல்லாம் வாங்கலடி... உன் அழகுக்குத் தவிட்டுக்கு யாரு தருவா? குருணைக்குல்ல வாங்கினேன்! முழுசா ஒரு மரக்கா பச்சரிசிக் குருணை!"

நினைத்துப் பாருங்கள். தவிடு எங்கே, குருணை எங்கே! தவிடு மாடு தின்பது. குருணை உடைந்த அரிசி, மனிதன் கஞ்சி காய்ச்சிக் குடிப்பது. அவள் மதிப்பைக் கூட்டித்தானே சொன்னேன்? குறைத்தா சொன்னேன்? எவ்வளவு நயமான இடம்! நானே சிரித்துவிட்டேன். சிரித்து நிமிர்ந்தால் அறையில் என் சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் செண்பகம் அழவில்லை தம்பி. அதுதான் நான் சொல்ல வந்தது. அழவே இல்லை. எழுந்து அந்தச் சிவப்பு நாற்காலியிடம் போனாள். பிறகு அதை எடுத்து, சுவரோரம் கிடந்த மற்ற நாற்காலிகளுக்கு மேலே அடுக்கி வைத்தாள். என் பக்கம் வந்தாள், தோளில் சரிந்து கிடந்த துண்டைச் சரியாகப் போட்டுவிட்டாள். சிரித்தாள். நல்ல சிரிப்பு.

"சரிப்பா. நீங்க முன்னாடி போய் பஸ்ல இடம் போட்டு வைங்க. நான் பையை எடுத்துக்கிட்டு வந்துருவேன்" என்றாள்.

பார்த்தீர்களா, வைத்தியம் பலித்தது! ஒரே ஒரு சிரிப்பில் ஆறிவிட்டது. வாரா வாரம் அந்த அம்மாவால் முடியாததை நான் ஒரு வரியில் முடித்துவிட்டேன். மாடிப்படி இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

என்ன கண்டக்டர் தம்பி? ஆமாம், ஜன்னல் ஓரம் ஆள் வருகிறது. போன வண்டியிலா? ஆமாம், அதில் துண்டு போட்டதும் நான்தான். அதில் இடம் சக்கரத்துக்கு மேலே விழுந்தது, அவளுக்கு ஆகாது, அதனால் இறங்கிவிட்டேன். அதற்கு முந்தின வண்டியிலா? அதில் ஜன்னல் கண்ணாடி இறங்கவில்லை. இதில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்கள். சரி, ரெண்டு நிமிஷம். பாருங்கள், விசில் கொடுத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை.

போனா? போட்டேன் தம்பி, எடுக்கவில்லை. கையில் பை இருக்கும், எப்படி எடுப்பாள்? ஹாஸ்டலிலிருந்து வர வேண்டும், ஆட்டோ கிடைக்க வேண்டும், வழியில் ஒரு யானை படுத்திருந்தால்...

இல்லை. யானை வேண்டாம்.

வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று மாடிப்படி இறங்கியதிலிருந்தே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இடம் போட்டு வை, பையை எடுத்துக்கிட்டு வந்துருவா. இடம் போட்டு வைங்க, பையை எடுத்துக்கிட்டு வந்துருவேன். இப்போது உங்களிடம் சொல்லும்போதுதான் பிடிபட்டது. அடிப் பாவி மகளே! என் வார்த்தையையே எடுத்து, தூசி தட்டி, என்னிடமே கொடுத்திருக்கிறாள். அதுவும் எப்படி? கண்ணைச் சிமிட்டவில்லை. குரல் நடுங்கவில்லை. துண்டைச் சரி செய்துவிட்டாள் பாருங்கள், அங்கே இருக்கிறது கைத்திறன். நானே நம்பிவிட்டேனே! ஊரையே நம்ப வைத்தவன், சாயங்காலம் வரைக்கும் வண்டிக்கு வண்டி துண்டு போட்டுக்கொண்டு...

யாருக்கு வரும் இந்தத் திறமை? சொல்லிக்கொடுத்தால் வருமா? பேச்சிக்கு வருமா? அவளுக்குப் பொய்யே வராது. இருளாயிக்கு வருமா? நாலு வாரத்தில் கையை விரித்தவள். இது ரத்தத்தில் இருக்க வேண்டும் தம்பி. அவள் என் மகள். யாரிடமும் வாங்கவில்லை. தவிட்டுக்கும் இல்லை, குருணைக்கும் இல்லை. நான் பெற்ற பிள்ளை.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? உண்மையைத்தான் சொன்னேன்.

உங்கள் போனில் அது யார், மகளா? முன் பல் விழுந்திருக்கிறது. வீட்டுக்குப் போடுகிறீர்களா? போடுங்கள், போடுங்கள். தவிட்டுக்கு வாங்கினதாகச் சொல்லிப் பாருங்கள், என்ன முழி முழிக்கிறது என்று. ஏன், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறீர்கள்? எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

தாயி, அந்த இடம் இல்லை, கைக்குழந்தையோடு நிற்கிறாய், தெரிகிறது, ஆனால் ஆள் வருகிறது. கண்டக்டர் தம்பி, இங்கே வாருங்கள். கிருஷ்ணன்கோவில் ரெண்டு. ஆமாம், ரெண்டு. திருமங்கலத்தில் ஏறுவாள். அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள், தையல்கடை வைத்திருக்கிறாள், அவளைப் பார்த்துவிட்டுத்தான் வருவதாகச் சொன்னாள். ஆட்டோவில் குறுக்குப் பாதையாக நமக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருப்பாள். மஞ்சள் பை. பார்த்தால் கொஞ்சம் நிறுத்துங்கள்.

என்ன தம்பி, பேசி முடித்துவிட்டீர்களா? மிச்சத்தைச் சொல்கிறேன். அந்தத் தையல்கடைக்காரி இருக்கிறாளே, அவளிடம் ஒரு ஊசி உண்டு. அந்த ஊசி லேசுப்பட்ட ஊசி இல்லை. கிழிந்தது என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும்...

'ம்' போடுங்கள் தம்பி.

ஒரு தடவை போடுங்கள்.